பேர் கூப்பிட்டாத்தானே ஆப்சென்ட்!

போன செப்டம்பர்ல எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில மேலாண்மைக் குழு கூட்டம். நானும் அதுல ஒரு உறுப்பினர். டீ, பிஸ்கட் எல்லாம் முடிஞ்சதும் தலைமை ஆசிரியை ஒரு தாளை எடுத்து வெச்சாங்க. சுத்துப்பட்டு பள்ளிகளோட மாணவர் வருகைக் கணக்கு. அதுல எங்க பள்ளிக்கூடம் கடைசிக்குக் கொஞ்சம் மேல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரோ கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு.

கூட்டத்துக்கு வந்திருந்த ஒருத்தர் சட்டுனு சொல்லிட்டார்: "நம்ம ஊர்ல பெத்தவங்களுக்கே அக்கறை இல்லம்மா."

டீச்சர் பதில் சொல்லலை. என்னைத்தான் பார்த்தாங்க. எதுக்குப் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு விழுந்ததுக்கு நாலு பேர் காரணம். அந்த நாலு பேரைப் பள்ளியில சேர்க்கச் சொன்னவன் நான்.

அந்தக் கதையைச் சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் பின்னாடி போகணும். நகரத்துல இருக்கிற நீங்க "அந்த மாவட்டத்துல இவ்வளவு ஆப்சென்ட், இந்த மாவட்டத்துல அவ்வளவு"ன்னு பேப்பர்ல படிக்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும்.

எங்க ஊர் ஊத்துக்கோட்டை தாலுகா, ஆரணியாத்துக் கரை. 1997ல திருவள்ளூர் தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் நாங்க செங்கல்பட்டு மாவட்டம். எழுபதுகள்ல நான் பள்ளிக்கூடம் போனப்போ எங்க வகுப்புல வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே வயல்ல என்ன நடக்குதுன்னு சொல்லிடலாம். தை மாசம் சம்பா அறுப்பு, பாதி வகுப்பு காலி. பங்குனி, சித்திரையில நவரை அறுப்பும் வேர்க்கடலை பிடுங்கறதும் சேர்ந்து வரும். முழுப் பரீட்சை நேரமும் அதுதான். நான் ஆறாவது படிக்கும்போது கணக்குப் பரீட்சை அன்னிக்குக் களத்துல காவல் இருந்தேன். "நெல்லு நனைஞ்சா வருஷம் போச்சு, பரீட்சை போனா அடுத்த வருஷம் எழுதிக்கலாம்"னு எங்கப்பா சொன்னார். அவருக்குப் படிப்புல அக்கறை இல்லைன்னு இன்னிக்கு வரைக்கும் என்னால சொல்ல முடியாது. என்னைப் பத்தாவது வரைக்கும் இழுத்துப் பிடிச்சுப் படிக்க வெச்சவரும் அவர்தான். அவர்கிட்ட இருந்தது ரெண்டு காலண்டர். ஒண்ணு பள்ளிக்கூடத்தோடது, இன்னொண்ணு நிலத்தோடது. ரெண்டும் மோதினா நிலம்தான் ஜெயிக்கும்.

இது எங்கப்பா காலத்துப் பிரச்சினை மட்டும் இல்ல. 1822ல சென்னை மாகாண கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்கன்னு கணக்கெடுக்கச் சொன்னார். ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் எழுதி அனுப்பினாங்க. 1826ல மன்றோ கூட்டிப் பார்த்தப்போ 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. அதாவது மக்கள்தொகையில 67 பேருக்கு ஒருத்தர். அந்தக் கடிதங்கள்ல பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823ல எழுதினது முக்கியமானது. நடுத்தர, ஏழைக் குடும்பங்களால செலவு தாங்க முடியலை. பிள்ளைங்களோட கை கால் சின்ன வேலைக்குத் தேறினதுமே குடும்பத்துக்கு அந்த உழைப்பு தேவைப்படுதுன்னு எழுதியிருக்கார். இருநூறு வருஷம் ஆச்சு. இன்னிக்கு ஒரு கல்வி அதிகாரி அதையே தன் அறிக்கையில எழுதினாலும் யாரும் பழசுன்னு சொல்ல மாட்டாங்க.

இந்த ரெண்டு காலண்டர் மோதலுக்கு நம்ம மாகாணத்துல ரெண்டு விதமான பதில் கிடைச்சது.

முதல் பதில் 1953ல. ராஜாஜி முதலமைச்சர். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள்ல தினம் மூணு மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுல பெத்தவங்களோட தொழிலைக் கத்துக்கணும்னு ஒரு திட்டம் வந்தது. ரெண்டு ஷிப்ட் வெச்சா அதே கட்டடத்துல, அதே வாத்தியாரை வெச்சு ரெண்டு மடங்கு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாம்ங்கறது அரசு சொன்ன நியாயம். இது நகராட்சிப் பகுதிகளுக்கு இல்ல. பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி, பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு அரை நாள். வண்ணான் பிள்ளை வெளுக்கணும், உழவன் பிள்ளை உழணும்னு சாதியைப் பூட்டி வைக்கிற "குலக்கல்வி" இதுன்னு பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தாங்க. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954ல காமராஜர் முதலமைச்சர் ஆனதும் திட்டத்தை எடுத்துட்டார்.

எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு அந்த அரை நாள் பள்ளி வசதியா இருந்திருக்குமேன்னு ஒரு காலத்துல நானும் நினைச்சதுண்டு. இப்போ நினைக்கிறதில்ல. பிள்ளை வராததைச் சரி செய்யறதுக்குப் பதிலா, வராததையே சட்டமாக்கின திட்டம் அது. அரை நாள் ஆப்சென்டை அரசாங்கமே போட்டுக் கொடுத்த மாதிரி.

ரெண்டாவது பதில் சோறு. 1956ல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாகாணம் முழுக்கக் கொண்டு வந்தார். அப்போ பொதுக்கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊரா அலைஞ்சு ஜனங்ககிட்ட நெல்லும் பணமும் திரட்டினார். சென்னை மாநகராட்சி 1920லயே ஆயிரம் விளக்குப் பள்ளியில சாப்பாடு போட்டு வழி காட்டியிருந்தது. நான் படிச்சப்போ 'கேர்' அமைப்பு கொடுத்த கோதுமை ரவையில உப்புமா. அந்த எண்ணெய் வாசனை இன்னமும் மூக்குல இருக்கு. எங்க வகுப்புல சில பசங்க பதினொரு மணிக்கு மேலதான் வருவாங்க, சாப்பாட்டு நேரம் பார்த்து. வாத்தியார் திட்டுவார், ஆனா துரத்த மாட்டார். 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தார். 2022 செப்டம்பர்ல காலை உணவு. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள்ல, கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவை விரிவாக்கினது எங்க திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலதான்.

சோறு ஜெயிச்சது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பசிக்காக வயலுக்குப் போன பிள்ளையைப் பள்ளிக்கூடம் தன் பக்கம் இழுத்துக்கிச்சு. கூடவே அறுவடை மிஷினும் வந்துடுச்சு. இன்னிக்கு எங்க ஊர்ல நெல் அறுப்புக்காக எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விடறதில்ல.

அப்போ ஆப்சென்ட் தீர்ந்துடுச்சான்னா, இல்ல. இடம் மாறிடுச்சு.

எங்க மாவட்டத்தை ஒரு சுத்து சுத்தி வந்தா தெரியும். கிழக்கே பழவேற்காடு. அங்க ஏரியில இறங்கி கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இருக்கு. அவங்க காலண்டரைத் தண்ணிதான் எழுதும். தெற்கே செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள். முன்பணம் வாங்கிட்டு ஆலைக்குள்ளேயே குடியிருந்த இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைகளா இருந்தாங்கன்னு அதிகாரிங்க மீட்டது பல தடவை நடந்திருக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல. நெல் காயப் போடுற களத்துல இருந்த அந்தப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கண்ணுக்கு எட்டுற தூரம்தான், போக முடியாது.

வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்க என் சின்னம்மா வீடு இருக்கு, எங்க ஊர்ல இருந்து நாப்பது கிலோமீட்டருக்குள்ள. ஆனா அங்க ஆப்சென்ட் வேற தினுசு. அங்க வாத்தியாரா இருக்கிற என் சின்னம்மா மகன் சொல்றான்: "அண்ணா, சின்ன வகுப்புல பீகார் பசங்க. ஹோலிக்கு, சத் பூஜைக்கு ஊருக்குப் போனா எப்போ வருவாங்கன்னு அவங்கப்பனுக்கே தெரியாது, ரயில்ல டிக்கெட் கிடைக்கணும். பெரிய வகுப்புல நம்ம பசங்க. பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள கான்ட்ராக்ட்காரன் பின்னாடி கம்பெனிக்குப் போயிடறானுங்க. நைட் ஷிப்ட் போயிட்டு வந்து பகல்ல தூங்கறான், நான் ஆப்சென்ட் போடறேன்." இரும்பு உருக்கி உருட்டுற ஆலைங்க நிறைய இருக்கிற ஊர் அது. அங்க காலண்டரை எழுதறது சங்குச் சத்தமும் கம்பெனி பஸ்ஸும்.

ஒரே மாவட்டம்தான். ஏரிக்கரையில ஒரு காரணம், ஆலைக் களத்துல ஒரு காரணம், சிப்காட்டுல ஒரு காரணம். எல்லாத்தையும் கூட்டி வகுத்து "திருவள்ளூர் மாவட்டம் இவ்வளவு சதவீதம்"னு போட்டா, அந்த எண்ணு இதுல எந்த ஊரைப் பத்தியும் பேசாது.

இப்போ எங்க பக்கம் வர்றேன். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், வெங்கல் பக்கம் எல்லாம் செங்கல் சூளை. சேம்பர்னு சொல்வோம். சென்னையில நீங்க குடியிருக்கிற வீட்டுச் சுவர்ல எங்க மண்ணு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மழை ஓய்ஞ்சு மார்கழி, தை வந்தா சூளை வேலை ஆரம்பம், ஆனி வரைக்கும் ஓடும். வேலைக்கு வர்றவங்கள்ல பெரும் பகுதி ஒடிசாவோட மேற்கு மாவட்டங்கள், பலாங்கீர், நுவாபடா, களஹாண்டியில இருந்து வர்றவங்க. அங்க மானாவாரி விவசாயம். ஆவணி, புரட்டாசியில 'நுவாகாய்'னு புதுநெல் பண்டிகை வரும். பண்டிகைக்குக் கையில காசு வேணும். அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் முன்பணம் கொடுப்பான். அப்புறம் காந்தாபாஞ்சி ரயில் நிலையத்துல குடும்பம் குடும்பமா ஏத்திவிடுவாங்க. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு. முன்பணம் கழிஞ்சாத்தான் ஊருக்குப் போகலாம். ஆயிரக் கணக்குக் கூலிங்கறதால குடும்பத்துல எத்தனை கை இருக்கோ அத்தனையும் வேலை செய்யும்.

சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. பச்சைக் கல்லை வரிசையா வெயில்ல போட்டு, ஒரு பக்கம் காய்ஞ்சதும் புரட்டிப் போடணும். பெரியவங்க கால் வெச்சா பச்சைக் கல் அமுங்கிடும். ஆறு, ஏழு வயசுப் பிள்ளை அது மேலேயே நடந்து போய்ப் புரட்டலாம், கல் உடையாது. சத்துணவு போட்டு எடை ஏத்தணும்னு நாம நினைக்கிற அதே பிள்ளை, எடை இல்லைங்கறதுக்காகவே அங்க வேலைக்கு உதவுது.

அந்தப் பிள்ளை பலாங்கீர்ல எதோ ஒரு பள்ளிக்கூடத்துல நவம்பர் வரைக்கும் பேர் இருந்த பிள்ளை. அங்க மாசக்கணக்குல ஆப்சென்ட். இங்கே? இங்கே ஆப்சென்ட்டே இல்ல. பேர் கூப்பிட்டு, பதில் வராம இருந்தாத்தானே ஆப்சென்ட்? எங்க பதிவேட்டுல அந்தப் பிள்ளைக்குப் பேரே இல்ல.

இதை யாரும் கவனிக்காம விட்டாங்கன்னு சொல்ல முடியாது. சுமார் பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்க மாவட்டத்துல சூளை வளாகத்துக்குள்ளேயே ஒடியா வகுப்பு நடந்தது. மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, ஒடிசாவுல இருந்து ஒடியா புத்தகம் வரவழைச்சு, ஒடியா தெரிஞ்ச வாத்தியார்களையும் வெச்சாங்க. மகாராஷ்டிராவுல கரும்பு வெட்டப் போற குடும்பங்களோட பிள்ளைங்களுக்கு ஆலை வாசல்லேயே 'சாகர் சாளா', அதாவது சர்க்கரைப் பள்ளி, நடத்தின மாதிரி. பிள்ளை பள்ளிக்கு வரலைன்னா பள்ளி பிள்ளைகிட்ட போகட்டும்ங்கற யோசனை. நல்ல யோசனைதான். ஆனா பணம் வர்ற வருஷம் வகுப்பு நடக்கும், வராத வருஷம் கொட்டகை மட்டும் நிக்கும்.

வெளிநாட்டுல ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்துல அக்டோபர்ல பள்ளிக்கு விடுற லீவுக்கு இன்னமும் 'டாட்டி' லீவுன்னு பேர் உண்டு. டாட்டின்னா அவங்க பேச்சுல உருளைக்கிழங்கு. கிழங்கு எடுக்கப் பிள்ளைங்க போயிடுவாங்கங்கறதால அந்த நேரத்துக்கே லீவு விட்டாங்க. அங்க பள்ளிக்கூடம் நிலத்தோட காலண்டரைப் பார்த்து வளைஞ்சு கொடுத்துது. ஆனா அது சொந்த ஊர்லயே கிழங்கு எடுத்த பிள்ளைக்குத்தான் சரி. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, பாஷை மாறி வர்ற பிள்ளைக்கு எந்த லீவும் உதவாது.

இப்போ என் விஷயம். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. ஆத்தோரம் இருந்த ஒன்றரை ஏக்கர்ல மேல்மண்ணை மூணு அடி ஆழத்துக்குச் சூளைக்காரருக்கு வித்தேன். அந்த நிலத்துல இன்னிக்கு வரைக்கும் பயிர் சரியா பிடிக்கலை, அது தனிக்கதை. அடுத்த தையில அந்த மண்ணைக் குழைச்ச கொட்டகையில இருந்து ஒரு பையன் எங்க போர் செட்டுக்குத் தண்ணி எடுக்க வருவான். எட்டு வயசு இருக்கும். என் பைக் நம்பர் பிளேட்டுல இருக்கிற எண்ணை ஒவ்வொண்ணா விரலால தொட்டு அவன் பாஷையில படிப்பான். படிச்சுட்டு, சரியான்னு என்னை ஒரு பார்வை பார்ப்பான். எனக்கு ஒடியா தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

அவன் புரட்டின கல்லு என் மண்ணு. அந்த மண்ணுல வந்த காசுலதான் என் பொண்ணு காலேஜ் போனா. இதை எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் கணக்கு நேராகலை.

அவன் அந்த ஆனியோட போனான், திரும்பி வரலை. அவனுக்கு நான் ஒண்ணும் செய்யலை. போன வருஷம் தை மாசம் வேற நாலு பிள்ளைங்க வந்தப்பதான் டீச்சர்கிட்ட போய்க் கேட்டேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. சான்றிதழ் இல்லைன்னாலும், வருஷத்துல எந்த மாசமா இருந்தாலும், வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும்னு அதுல இருக்கு. டீச்சர் மறுக்கலை. சூளை மேஸ்திரிகிட்ட நானும் இன்னொரு உறுப்பினரும் பேசினோம். காலை உணவு உண்டுன்னு சொன்னதும் பிள்ளைங்களோட அம்மாக்கள் சம்மதிச்சாங்க. மறுபடியும் சோறுதான் ஜெயிச்சது. நாலு பேரும் ஏப்ரல் வரைக்கும் வந்தாங்க. எங்க பசங்ககிட்ட தமிழ் கத்துக்கிட்டாங்க, கெட்ட வார்த்தை உட்பட.

ஜூன்ல பள்ளி திறந்தப்போ கொட்டகை காலி. பேர் மட்டும் பதிவேட்டுல. தினம் காலையில டீச்சர் மொபைல் ஆப்ல வருகை ஏத்தணும். நாலு ஆப்சென்ட் நேரா மேல போகும். அங்க இருந்து, ஏன் உங்க பள்ளியில இவ்வளவுன்னு கேள்வி வரும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்லயும் ரெண்டு சூளை இருக்கு. அங்க ஒரு சூளைப் பிள்ளையையும் பள்ளியில சேர்க்கலை. அதனால அவங்க வருகை கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு.

அந்த செப்டம்பர் கூட்டத்துல இதைத்தான் எழுந்து சொன்னேன். எங்க ஊர்ல ஆப்சென்ட் ஜாஸ்தி, ஏன்னா இங்க பேர் எழுதினோம். அந்தத் தாளை மட்டும் பார்த்தா நாங்க மோசம், அவங்க நல்லவங்க. அந்த ஊர் வாத்தியாரைக் குறை சொல்லலை, அவருக்கும் மேல இருந்து கேள்வி வரும். ஆனா ஒரு பகுதியில ஆப்சென்ட் குறைவுன்னு படிச்சா, அங்க எல்லாப் பிள்ளையும் வகுப்புல இருக்குன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. யார் பேரை எழுதவே இல்லைன்னும் ஒரு தடவை கேளுங்க.

இந்தத் தையில சூளைக்கு ஆள் வந்தாச்சு. பழைய நாலு பேரும் வரலை, மேஸ்திரி மாறிட்டானாம். புதுசா அஞ்சு பிள்ளைங்க. போன வாரம் கூட்டிக்கிட்டுப் போனேன். டீச்சர் பதிவேட்டைத் திறந்து வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

"எழுதினா ஜூன்ல மறுபடி ஏறும்ணா."

"ஏறட்டும் டீச்சர். கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

பேனாவை எடுத்து முதல் பிள்ளைகிட்ட பேர் என்னன்னு கேட்டாங்க. அது சொன்னது எங்க ரெண்டு பேருக்கும் சரியா விளங்கலை. மூணு தடவை சொல்ல வெச்சு, நாலாவது தடவை சரியா எழுதினாங்க.